போகிக்குத் துலக்கிய தகடுகள்

வரதய்யபாளையம்,
பங்குனி கடைசி வெள்ளிக்கிழமை.

மகன் புருஷோத்தமனுக்கு அம்மா செங்கம்மா எழுதிக்கொள்வது. இங்கே நானும் உன் நைனாவும் இருக்கிறோம், மாடும் கன்றும் சுகம், அதுபோல நீயும் மோனிகாவும் பாப்பாவும் ஜெர்மனியில் சுகமாக இருக்க வேண்டும் என்று எழுதுவது முறை, எழுதிவிட்டேன். அன்புள்ள என்று ஆரம்பிக்க எனக்குக் கை வரவில்லை. போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று கேட்பாய். போனை நீ பாதியில் வைத்துவிடுகிறாய், மறுபடி அடித்தால் மோனிகா எடுத்து அவர் மீட்டிங்கில் இருக்கிறார் அத்தை என்கிறாள், ராத்திரி பகல் எந்நேரமும் மீட்டிங் நடக்கிற ஊர் போலிருக்கிறது. காகிதத்தை அப்படிப் பாதியில் வைக்க முடியாது. தெலுங்கில் எழுதினால் உனக்குச் சுலபம், ஆனால் எனக்குத் தெலுங்கு பேசத்தான் வரும், எழுத வராது. உன்னை ஐந்தாவது வரைக்கும் தமிழ் ஸ்கூலில் படிக்க வைத்தது இதற்காவது உதவட்டும். எழுத்துக் கூட்டியாவது கடைசி வரைக்கும் படி.

வீட்டுச் சேதியை முதலில் சொல்லிவிடுகிறேன், அப்புறம் சண்டை. சிவப்பு மாடு மாசியில் கிடாரிக் கன்று போட்டது. உன் நைனாவுக்கு முட்டி வலி கொஞ்சம் தேவலை, ஆனால் திருப்பதி ஆஸ்பத்திரியில் கொடுத்த பெல்ட்டைக் கட்ட மாட்டேன் என்கிறார், அதைக் கட்டினால் லாடம் அடித்த மாடு மாதிரி இருக்கிறதாம். போர்வெல்லில் தண்ணீர் இன்னும் வருகிறது, வேர்க்கடலை பரவாயில்லாமல் விளைந்தது, பிடுங்கிக் காயப் போட்டிருக்கிறோம். ரோட்டோரம் இருந்த மாந்தோப்பைச் சென்னைக்காரர் யாரோ வாங்கி வேலி போட்டுவிட்டார், அங்கேயும் கம்பெனிதான் வருமாம். காலையில் கம்பெனி பஸ்கள் வரிசையாகப் போகிற நேரத்தில் மாட்டை ரோடு தாண்ட விட முடிவதில்லை. நம் தெருப் பெண்பிள்ளைகள் எல்லாம் தலை பின்னிக் கழுத்தில் அடையாள அட்டை மாட்டிக்கொண்டு அந்த பஸ்ஸில்தான் ஏறிப் போகிறார்கள். செல்வி மட்டும் இப்போது அதில் போவதில்லை. சண்டைக்கு வந்துவிட்டேன் பார்.

செல்வி யார் என்று உனக்கு நான் சொல்லத் தேவையில்லை, ஆனாலும் சொல்கிறேன், ஏனென்றால் நீ மறந்துவிட்டவன் போல நடந்துகொண்டாய். கங்கையாவின் பெண். கங்கையாவும் உன் நைனாவும் கூடப் பிறக்கவில்லை, அவ்வளவுதான். சர்க்கார் நமக்குப் பட்டா கொடுத்த நாளில் அது நிலமாக இல்லை, முள்ளும் கல்லும்தான், இரண்டு குடும்பத்துக்கும் ஒரே கடப்பாரை, காலையில் அவர்கள் பக்கம், மாலையில் நம் பக்கம் என்று மாற்றி மாற்றிக் கல் பெயர்த்தோம். அந்தப் பெண் பன்னிரண்டாவது இண்டர் முடித்துவிட்டுச் சும்மா இருந்தபோது, தண்ணீரிலிருந்து ஹைட்ரஜன் எடுக்கிற அந்தக் கம்பெனியில் மேனேஜர் ஹரிபாபு எனக்குத் தெரிந்தவர், நான் சொல்கிறேன் என்று நீயாகத்தான் சொல்லிச் சேர்த்துவிட்டாய். லேபில் கண்ணாடிச் சாமான் கழுவி அடுக்குகிற வேலை. பர்மனென்ட் ஆகிவிடும் என்று சொன்னார்கள். அவள் அம்மா கன்னியம்மாள் அன்றைக்குத் தெரு முழுக்கச் சர்க்கரை கொடுத்தாள், உன் பேரைச் சொல்லித்தான் கொடுத்தாள்.

அந்த செல்வி போன மாதக் கடைசியில் நம் கொல்லைக்கு வேர்க்கடலை பிடுங்கக் கூலிக்கு வந்தாள். இன்னாடி, கம்பெனி லீவு இன்னும் முடியலியா என்று நான் விளையாட்டாகத்தான் கேட்டேன். இடுப்பு வலி, அதனால் நின்றுவிட்டேன் என்றாள். இடுப்பு வலிக்காரி குனிந்து கடலை பிடுங்க வருவாளா, எனக்குத் தெரியாதா. விடாமல் கேட்டேன். செடியைப் பிடுங்கி மண்ணை உதறிக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள். ஜெர்மனியிலிருந்து வந்த ஆறு தகடுகளில் இரண்டை யாரோ தேய்த்துக் கழுவிக் கெடுத்துவிட்டார்களாம், தகட்டுக் கண்ணில் புளி நார் சிக்கியிருந்ததாம், பண்டிகை லீவுக்கு முந்தின நாள் லேபில் எல்லாவற்றையும் கழுவி வைத்தது இவள்தானாம், அன்றைக்கு இவள் மதியத்துக்குப் புளிச்சோறு கட்டிக்கொண்டு போயிருந்தாளாம். டப்பா தேய்க்கிற கையோடு தகட்டையும் தேய்த்துவிட்டாய் என்று அனுப்பிவிட்டார்கள்.  நான் கேட்டேன், உன் புருஷோத்தமன் அண்ணன் அங்கே இல்லையா என்று. அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "அண்ணன் அங்கதான் நின்னுகினு இருந்தாரு பெரிம்மா. ஒண்ணும் சொல்லல. ஹரிபாபு சார் கேட்டதுக்கு, தகடு லேபுலதான் இருந்துச்சு, சாவி செல்விகிட்டதான் இருந்துச்சுன்னாரு."

இப்போது போகிக்கு முந்தின நாளை உனக்கு நினைவுபடுத்துகிறேன். நீ பொங்கலுக்கு வந்தாய், கம்பெனி வேலையும் சேர்ந்து வந்தது என்று சொன்னாய். சாயங்காலம் இருட்டுகிற நேரத்தில் அவர்கள் கொடுத்த காரில் வந்து இறங்கினாய், கையில் ஒரு கறுப்புப் பெட்டி. இதை வெளியே கொண்டுவரக் கூடாது, லேபை விட்டு நகரக் கூடாது என்பது ரூல், ஆனால் நைனாவுக்குக் காட்ட வேண்டும் என்று எடுத்து வந்துவிட்டேன் என்று சொல்லிக்கொண்டேதான் திறந்தாய். உள்ளங்கை அகலத்தில் ஆறு தகடு, சல்லடை மாதிரிக் கண் கண்ணாக, மேலே அடுப்புக் கரி மாதிரிக் கறுப்பு. இதற்குப் பேர் எலக்ட்ரோடு, உள்ளே நிக்கல், மேலே நிக்கலும் மாலிப்டினமும் கலந்த பூச்சு, பிளாட்டினத்தில் செய்தால் பணக்கார நாடுதான் வாங்க முடியும், இதில் செய்தால் எல்லாருக்கும் கட்டுபடியாகும், சோலார் கரண்ட் கொடுத்தால் தண்ணீர் இரண்டாகப் பிரியும், புகையில்லாத எரிபொருள் என்று என்னென்னவோ சொன்னாய். எனக்குப் பாதி புரிந்தது. உன் நைனாவுக்குக் கால்வாசி புரிந்திருக்கும், ஆனால் அவர் தலையாட்டினதைப் பார்த்தால் அவரே கண்டுபிடித்தது போல இருந்தது. அப்புறம் நீ என் பெரிய கிண்ணத்தில் தண்ணீர் ஊற்றி, சலவைச் சோடா போட்டு, இரண்டு தகட்டை எதிரெதிரே தொங்கவிட்டு, காரில் கொண்டுவந்த ஸ்கூட்டர் பாட்டரியிலிருந்து ஒயர் கொடுத்தாய். கறுப்பு முழுக்கப் பொடிப் பொடியாக நுரை கிளம்பி மேலே வந்தது. உன் நைனா சின்னப் பிள்ளை மாதிரிச் சிரித்தார். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது, இல்லை என்று சொல்ல மாட்டேன். மண்ணைக் கிளறினவன் பிள்ளை தண்ணீரைப் பிரிக்கிறான் என்று மனசுக்குள்ளே நினைத்தேன்.

நினைத்து என்ன. சாப்பிடக் கூப்பிட்டவுடன் கிண்ணத்தையும் அதற்குள் இருந்த இரண்டு தகட்டையும் கொண்டுபோய்ப் பின்பக்கம் துலக்கப் போட்டிருந்த பாத்திரங்களோடு வைத்துவிட்டு வந்தவன் நீ. விடிந்தால் போகி. போகியன்று நம் வீட்டில் என்ன நடக்கும் என்று உனக்குத் தெரியாதா? குத்துவிளக்கு, சொம்பு, அண்டா, குண்டான், பரணில் கிடக்கிற அரிக்கன் விளக்கு வரைக்கும் புளியும் சாம்பலும் போட்டுத் தேங்காய் நாரால் தேய்த்துப் பளபளவென்று வைத்தால்தான் பொங்கல் வீட்டுக்குள் வரும். கிண்ணத்துக்குள் கறுப்புப் பிடித்த இரண்டு தகடு கிடந்தது. முந்தின நாள் நீ காட்டினதில் நல்லது பெட்டிக்குள் பத்திரமாக இருக்கிறது என்று நான் நினைத்தேன், நுரை காட்டின இரண்டும் வேலை முடிந்து நீ பாத்திரத்தோடு கழித்துப் போட்டது என்று நினைத்தேன், அப்படியே கரியாக விடுவதா என்று தேய்த்தேன். நன்றாகத் தேய்த்தேன். ஒவ்வொரு கண்ணிலும் நாரை விட்டுத் தேய்த்தேன். கறுப்பு அத்தனையும் போய், கல்யாண வீட்டு வெள்ளித் தட்டு மாதிரி மின்னியது. முறத்தில் வெயிலில் காய வைத்தேன். நீ பல் விளக்க வந்து அதைப் பார்த்துவிட்டுத் தரையில் உட்கார்ந்துவிட்டாய்.

அன்றைக்கு நீ என்னைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம், நான் வாங்கிக்கொண்டிருப்பேன். அந்தக் கறுப்புதான் அம்மா வேலை செய்கிறது, மின்னுவதில் ஒன்றும் இல்லை, அந்தக் கறுப்பைப் பூசி உலையில் வைத்து எடுக்க எத்தனை மாசம் பிடித்தது தெரியுமா என்று சொன்னாய், குரல் கூட உயரவில்லை. பிறகு யாரிடமும் சொல்லாதே, நான் பார்த்துக்கொள்கிறேன் என்றாய். பொங்கலன்று நீ சரியாகத் துன்னவில்லை. பண்டிகை முடிந்து கம்பெனி திறந்ததும் பெட்டியை எடுத்துக்கொண்டு போனாய், அப்படியே சென்னைக்குப் போய் ஏரோபிளேன் ஏறிவிட்டாய். பையன் கஷ்டப்பட்டுச் செய்ததைக் கெடுத்துவிட்டோமே, இவன் வேலைக்கு ஒன்றும் ஆகக் கூடாதே என்று நான் வேண்டிக்கொண்டு, தை வெள்ளிக்கிழமையில் அலிபிரியிலிருந்து படியேறித் திருப்பதி மலைக்குப் போய் வந்தேன். நான் உனக்காகக் கோவிந்தா போட்டுக்கொண்டு படி ஏறின அதே நாட்களில்தான் செல்வி கழுத்திலிருந்து அட்டையைக் கழற்றிக் கொடுத்துவிட்டு பஸ்ஸுக்கு நிற்காமல் நடந்தே வந்திருக்கிறாள். பெருமாள் யாருக்கு என்ன கணக்குப் போட்டாரோ. பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்று இதைத்தான் சொன்னார்கள்.

அன்றைக்குக் கொல்லையில் செல்வியிடம் நான் மறைக்கவில்லை. தேய்த்தது நான்டி, நான்தான், போகிக்குத் துலக்கினேன் என்று சொல்லிவிட்டேன். அவள் என் மேல் பாய்வாள் என்று நினைத்தேன். உன்னைத் திட்டுவாள் என்று நினைத்தேன். அவள் கையில் இருந்த செடியைக் கீழே போட்டுவிட்டு என்னையே பார்த்தாள். "அப்ப நான் பண்ணலியா பெரிம்மா?" என்று கேட்டாள். புருஷோத்தமா, அந்தப் பெண் இரண்டு மாதமாகத் தானேதான் கைதவறிச் செய்துவிட்டோம் போலிருக்கிறது என்று நம்பிக்கொண்டு இருந்திருக்கிறாள். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று அவசரத்தில் கழுவினேனே, டப்பாவோடு சேர்த்துத் தேய்த்துவிட்டேனோ என்று தினம் தினம் அந்த ஒரு நாளையே நினைத்து நினைத்துப் பார்த்திருக்கிறாள். அண்ணனே அப்படிச் சொன்ன பிறகு நான் செய்யவில்லை என்று எப்படிச் சொல்வது என்று நினைத்தாளாம். அவள் வேலையை மட்டும் நீ எடுக்கவில்லை, அவள் கை மேல் அவளுக்கு இருந்த நம்பிக்கையையும் எடுத்துவிட்டாய். வேலை கூட வேறு கிடைக்கும்.

நீ சின்னவனாக இருந்தபோது நான் அரிசி மில்லில் புடைக்கப் போய்க்கொண்டிருந்தேன். ஒரு நாள் முதலாளி வீட்டம்மாவின் மூக்குத்தி காணாமல் போனது. மில்லில் இருந்தவர்கள் அத்தனை பேரையும் விட்டுவிட்டு, காலனியிலிருந்து வந்த எங்களை மட்டும் வரிசையாக நிற்க வைத்து முந்தானை முடிச்சை அவிழ்க்கச் சொன்னார்கள். நீ என் காலைக் கட்டிக்கொண்டு நின்றாய். மூக்குத்தி அவர்கள் வீட்டிலேயே கிடைத்தது, கிடைத்தது என்று யாரும் வந்து சொல்லக்கூட இல்லை. ராத்திரி நீ, ஏம்மா உன் புடவையை அவிழ்த்தாங்க என்று கேட்டுக்கொண்டே தூங்கினாய். அதற்குப் பிறகுதான் நான் உன்னைப் படிக்க வைத்தே தீருவது என்று நின்றேன், திருப்பதி ஹாஸ்டலுக்கு அனுப்பினேன், எவன் முன்னாலேயும் நம் பிள்ளை முடிச்சை அவிழ்த்துக் காட்ட வேண்டாம் என்று நினைத்தேன். நீ நன்றாகப் படித்தாய். படித்து, முடிச்சை அவிழ்க்கச் சொல்கிறவர்கள் பக்கம் போய் நின்றுகொண்டாய். ஊருக்கு இளைத்தவன் பிள்ளையார் கோயில் ஆண்டி என்பார்கள், உனக்கு அகப்பட்ட ஆண்டி கங்கையா பெண்ணா?

உனக்குப் போன் அடித்தேன். நீ சொன்னதை நான் மறக்கவில்லை. "அத வுட்டுடும்மா. செல்விக்கு வேற எடத்துல பாத்துக் குடுத்துடலாம். இப்ப போயி சொன்னா என் பொழப்பே பூடும்." நான் பதில் சொல்வதற்குள் வைத்துவிட்டாய். உன் பிழைப்பு போகும் என்பது எனக்குத் தெரியாமல் இல்லை. ரூலை மீறித் தகட்டை வெளியே எடுத்துப் போனான், பிறகு பொய்யும் சொன்னான் என்று அவர்கள் உங்கள் ஜெர்மனிக் கம்பெனிக்கு எழுதினால் உன்னை வைத்திருப்பார்களோ மாட்டார்களோ. அந்த விசா என்னவாகுமோ, பாப்பாவின் ஸ்கூல் என்னவாகுமோ. எல்லாம் ஒரு வாரம் யோசித்துவிட்டேன். யோசித்துவிட்டுத்தான் எழுதுகிறேன், போனால் போகட்டும். உன் வேலை போனால் எனக்கு வயிறு எரியும். செல்வி வேலையைத் தின்று உன் வேலை நிற்குமானால் அதைவிட அதிகமாக எரியும்.

உன் நைனாவைப் பற்றியும் சொல்ல வேண்டும். அவர் முதலில் உன் கட்சிதான். நம்ம புள்ள, வுட்டுடு, ரெண்டு மாசம் போனா எல்லாம் மறந்துடும் என்றார். ஆனால் அன்றிலிருந்து கங்கையா வீட்டு வழியாகக் கொல்லைக்குப் போவதில்லை, ஏரிக்கரையைச் சுற்றிக்கொண்டு போகிறார், முட்டி வலியோடு. கங்கையா வந்து பேச்சுக் கொடுத்தாலும் மாட்டுக்குத் தண்ணீர் காட்டுகிற சாக்கில் எழுந்துவிடுகிறார்.  கன்னியம்மாள் சொன்னாள். "ஒம்புள்ள படிச்சவன், எம்பொண்ணு கழுவறவ, அக்கா. யாரு சொல்றது எடுபடும்னு எங்களுக்குத் தெரியாதா. வுடு." அவள் கத்தியிருந்தால் நான் பதிலுக்குக் கத்தியிருப்பேன். வுடு என்று அவள் சொன்னதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. நீயும் விடு என்கிறாய், அவளும் விடு என்கிறாள், அடித்தவனும் அடிபட்டவளும் ஒரே வார்த்தை பேசினால் இந்த ஊரில் நான் யாரோடு சண்டை போடுவது.

அதனால் நேற்றைக்கு நான் செல்வியைக் கூட்டிக்கொண்டு கம்பெனிக்குப் போனேன். ஆம், உன்னிடம் கேட்காமல்தான் போனேன். உன் நைனா கங்கையாவின் வண்டியை வாங்கி வந்து எங்கள் இரண்டு பேரையும் பின்னால் உட்கார வைத்துக் கேட் வரைக்கும் கொண்டுவந்து விட்டார். கங்கையாவிடம் போய் வண்டி கேட்டாரே, அதுவே பெரிய காரியம். உள்ளே வரவில்லை, வெளியே புளியமரத்தடியில் நின்றுகொண்டார். செக்யூரிட்டி எங்களைப் பார்த்துவிட்டுத் துலக்குகிற வேலைக்கு ஏஜென்டைப் பாருங்கள் என்றான். துலக்கின வேலையைப் பற்றிச் சொல்லத்தான் வந்திருக்கிறேன், புருஷோத்தமன் சாரோட அம்மா என்று சொல் என்றேன். அந்தப் பேருக்கு அங்கே மரியாதை இருக்கிறது, உடனே நாற்காலி போட்டார்கள். உன் மரியாதையில் நான் உட்கார்ந்த கடைசி நாற்காலி அதுவாகத்தான் இருக்கும்.

ஹரிபாபு நல்ல மனிதர். அம்மா அம்மா என்று டீ வாங்கிக் கொடுத்தார், தெலுங்கும் தமிழும் கலந்து பேசினார். நான் எல்லாம் சொன்னேன், கிண்ணம், சலவைச் சோடா, ஸ்கூட்டர் பாட்டரி, முறத்தில் காய வைத்தது வரைக்கும். பொறுமையாகக் கேட்டுவிட்டு, ஊர்ப் பெண்ணுக்காக நீங்கள் வந்து பழியை ஏற்றுக்கொள்கிறீர்கள், உங்கள் மனசு பெரிது என்றார். எனக்கு வந்ததே ஆத்திரம். பெரிய மனசும் இல்லை ஒன்றும் இல்லை, என் நாரும் என் புளியும்தான் அது என்றேன். அவர் கம்ப்யூட்டரைத் திருப்பிக் காட்டினார். தகடுகள் லேபை விட்டு வெளியே போகவில்லை என்று நீ எழுதிக் கொடுத்திருக்கிறாயாம், உன் பேர் அடியில் இருக்கிறது, அது மட்டும் எனக்குப் படிக்க வந்தது. நான் சொல்வதையும் நீ எழுதினதையும் வைத்துக்கொண்டு அவர் எதை நம்புவார். பிறகு அவர் சொன்னார், வைகாசியில் புதுத் தகடுகளோடு நீ வருகிறாயாம், மெயிலில் கேட்டால் மெயிலில்தான் பதில் வரும், நேரில் கேட்கிறேன், அதுவரைக்கும் செல்வி இடத்தில் வேறு ஆள் போட மாட்டேன். "ஆயன ஒக்க மாட்ட செப்தே சாலு அம்மா" என்றார். அவர் ஒரு வார்த்தை சொன்னால் போதுமாம். என் வார்த்தை அத்தனையும் சேர்ந்து அந்த ஒன்றுக்கு ஈடாகவில்லை.

நீ வைகாசியில் வருவதை எங்களுக்குச் சொல்லவே இல்லை. ஊருக்கு வராமல் அப்படியே சென்னைக்குத் திரும்பிவிடலாம் என்று நினைத்தாயா? அதையும் ஹரிபாபு வாயால் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது. இனிமேல் நான் சொல்வதைக் கவனமாகக் கேள். இது யோசனை இல்லை, புத்தி சொல்வதும் இல்லை. ஏர்போர்ட்டிலிருந்து வீட்டுக்கு வராதே. நேராகக் கம்பெனிக்குப் போ. நீ வருகிற நாளை ஹரிபாபு எனக்குச் சொல்வதாகச் சொல்லியிருக்கிறார், நானும் செல்வியும் அங்கே இருப்போம். அவர் உன்னைக் கேட்பார். தகட்டை நான் எடுத்துப் போனேன், என் அம்மா தெரியாமல் துலக்கினாள், செல்விக்கு இதில் சம்பந்தமில்லை என்று சொன்னால் நீ சொன்னது உண்மை. இல்லை, தகடு வெளியே போகவில்லை என்று சொன்னால் என்னைப் பொய் சொல்கிறவள் என்று சொல்கிறாய். அதைச் சொல்வதாக இருந்தால் மேனேஜரைப் பார்த்துச் சொல்லாதே, என் முகத்தைப் பார்த்துச் சொல். தெலுங்கிலும் இங்கிலீஷிலும் சொல்லாதே, தமிழில் சொல். செல்விக்குப் புரிய வேண்டும்.

நீ என்ன சொல்வாய் என்று எனக்குத் தெரியவில்லை, புருஷோத்தமா. முப்பத்தாறு வருஷத்துக்கு முன்னால் நான் பெற்ற பிள்ளை என்றால் தெரிந்திருக்கும். இப்போது தெரியவில்லை, அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது, வேலை போவது இல்லை. உன் மேல் இருக்கிற பாசம் கொஞ்சமும் குறையவில்லை, குறைந்திருந்தால் இத்தனை பக்கம் திட்டி எழுத மாட்டேன், மோனிகா எடுத்த போனிலேயே விட்டிருப்பேன். அவளிடம் நீயே சொல்லிவிடு, நகரியில் தறிக்காரர் வீட்டில் வளர்ந்தவள், புரிந்துகொள்வாள். வேறு யாரோ சொல்லித் தெரிந்தால் பொறுக்க மாட்டாள்.

பாப்பாவுக்குச் சளி பிடித்தால் ஓமம் வறுத்துத் துணியில் கட்டி நெஞ்சில் ஒற்றச் சொல். குளிருக்குக் காது மூடாமல் வெளியே போகாதே, உனக்குச் சின்ன வயசிலிருந்தே காது வலி. மாத்திரையை மறக்காதே. வரும்போது எதுவும் வாங்கி வராதே, போன தடவை கொண்டுவந்த சாக்லேட்டே எறும்பு தின்றது போக மீதி இருக்கிறது. மோனிகாவுக்கும் பாப்பாவுக்கும் என் ஆசீர்வாதம், நூறு வருஷம் நன்றாக இருக்கட்டும். உன் நைனாவும் பக்கத்தில் உட்கார்ந்து உனக்கு ஆசீர்வாதம் எழுதச் சொல்கிறார். அவர் ஆசீர்வாதத்தை எழுதிவிட்டேன். என்னுடையதை எழுதவில்லை. நீ ஹரிபாபு முன்னால் வாயைத் திறக்கிற வரைக்கும் அது என்னிடமே இருக்கட்டும்.

இப்படிக்கு,
தகட்டைத் துலக்கியவள், உன் அம்மா
ஆ. செங்கம்மா